‘எங்கள் ஊர்’ என்னும் கட்டுரை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

‘படைப்புக்கு ஊற்றுக்கண் எது?’ என்பது விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு. அழகிய தலைப்புத்தான். ஆயினும் ஊற்றைப் பற்றிப் பேசுமுன், அது எவ்விடத்தில் தூர்ந்து கிடக்கிறது என்பதைக் கூற வேண்டியவர்களாக இருக்கிறோம்.

விழாவையொட்டி நம் இரவுப் பள்ளி மாணவர்க்கும் கழக இளைஞர்க்கும் கட்டுரைப் போட்டி ஒன்று நடத்தப்பெற்றது. அதற்குத் தலைப்பு, ‘எங்கள் ஊர்’. வந்த கட்டுரைகளைப் படித்துப் பரிசுக்குரியவற்றைத் தெரிவு செய்யும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. இரண்டு இரவுகள் அமர்ந்து படித்தோம். கையெழுத்து அழகாக இருந்தது; பிழைகளும் மிகுதியில்லை. ஒரு விண்ணப்பம் எழுதித் தருவதற்குக் கூட ஆளைத் தேடி இத்தெருவார் அலைந்த காலத்தைக் கண்டவர்கள் நாம். ஆதலின் அக்கையெழுத்தைப் பார்த்தபொழுதே நெஞ்சு நிறைந்தது. ஆனால் படிக்கப் படிக்க ஓர் ஐயம் எழுந்தது. இவை எந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டவை?

ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் ஊர் நடுவே கோபுரம் உயர்ந்து நின்றது. தேரோடும் வீதி இருந்தது. பச்சைப் பசேலென்ற வயல்கள் கண்ணுக்கு விருந்தளித்தன. மக்கள் யாவரும் ஒற்றுமையாக வாழ்ந்தனர். ஊரிலிருந்து பிரிந்து, வாய்க்காலைக் கடந்து, இடுகாட்டுப் பாதையை ஒட்டிக் கிடக்கும் நம் தெரு ஒன்றில் கூட இல்லை. அப்பச்சை வயல்களில் முதுகு வளைத்து நாற்று நட்டவர் யார் என்ற பேச்சே இல்லை. எழுதியவர்களின் தாய் தந்தையரே அக்கட்டுரைகளில் காணப்படவில்லை! ஒரு மாணவன் மட்டும் அரைப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, எங்கள் தெருவைப் பற்றி எழுதுவதற்குச் சிறப்பாக ஒன்றும் இல்லை என்று முடித்திருந்தான். வந்தவற்றுள் மிக நேர்மையான வாக்கியம் அதுதான் என்று நமக்குப் பட்டது. மிகத் தவறான வாக்கியமும் அதுவே. அம்மாணவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இளைஞர்களே, உங்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. நாமும் அவ்வாறுதான் எழுதக் கற்றோம். நான்காம் வகுப்பில் நமக்கும் இதே தலைப்புத் தரப்பட்டது. நம் தந்தையார் சாவு வீட்டுக்குப் பறையடிக்கப் புறப்படுமுன், வாசலில் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்துவார். அத்தீயில் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, இடையிடையே விரலால் சுண்டிப் பார்ப்பார். ஈரம் ஏறித் தளர்ந்திருந்த தோல், சூடு பட்டு இறுகும். முதலில் மந்தமாக ஒலித்தது, சிறிது நேரத்தில் கணீரென்று பேசும். அந்த ஒலி மாறும் கணத்திற்காகவே அருகில் குந்தியிருப்போம். அதைத்தான் எழுதினோம். ஆசிரியர் அப்பகுதி முழுவதையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் இதையெல்லாமா எழுதுவது என்று கேட்டார். வகுப்புச் சிரித்தது. அவர் கொடியவர் அல்லர். வைக்கோல் தீயில் பறை காய்ச்சும் மனிதனுக்கு ஏட்டில் இடமில்லை என்று உண்மையாகவே நம்பியவர். அடுத்த முறை கோபுரத்தைப் பற்றி எழுதினோம். பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. அக்கோபுரத்தின் நிழலில் கூட நாம் அதுவரை நின்றதில்லை.

அன்று முதல் நமக்கு இரண்டு ஊர்கள் உண்டாயின. ஒன்று காலால் நடந்த ஊர். மற்றொன்று கையால் எழுதிய ஊர். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. படைப்பு என்று நாம் ஏதேனும் செய்திருப்போமாயின், அது இவ்விரண்டும் சந்தித்த பின்னர்ச் செய்ததே.

முகவரியை மறைக்கும் இப்பழக்கம் நம்மிடம் நேற்றுத் தோன்றியதன்று. நம் செங்கற்பட்டுச் சீமையில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1859 இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலை 1939 இல் வெளியிட்டார். கோயம்புத்தூரில் மாணவராயிருந்த நாட்களை அதில் நினைவுகூர்கிறார். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் உடன் படிப்போர்க்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால், பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்புக் கலைந்ததும், பிற மாணவர்கள் எட்டிப் பிடிக்க இயலாதவாறு விரைந்து வீட்டை அடைவாராம். விளையாடுகின்ற வயதில் ஒரு சிறுவன் எவ்வளவு வேகமாக நடந்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்! அந்தச் சிறுவனே வளர்ந்து, 1893 இல் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். எந்தப் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று ஓடி ஒளிந்தாரோ, அந்தப் பெயரையே இதழுக்குச் சூட்டினார். ‘பறையன்’ என்று முகப்பில் அச்சிட்டு விற்றார். ஒளித்த முகவரியைத் தலைப்பில் எழுதிய அந்த நொடியில்தான் நம் எழுத்து வரலாறு பெரியதொரு திருப்பம் கொண்டது என்பது நம் கருத்து. அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியதும் அதற்குப் பின்னரே.

இனி, தெருவும் கூலியும் சோறும் இலக்கியத்துக்கு ஆகா என்பார்க்கு ஒரு விடை சொல்லியாக வேண்டும். அவ்விடை நம் மொழியின் மிகப் பழைய இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியம், பாட்டுக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவைச் சொல்கிறது, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றைச் சொல்கிறது, பறையைச் சொல்கிறது, தொழிலைச் சொல்கிறது. மருத நிலத்துக்கு நெல்லரிகிணை என்று நெல் அறுக்கும்பொழுது கொட்டும் பறையையே பிற்கால நூல்கள் குறித்துவைத்தன. உள்ளத்தில் எழும் உணர்ச்சியைக் கூறவேண்டுமானால் அது எந்த மண்ணில், எந்தப் பொழுதில், எந்த மரத்தடியில், எந்த வேலைக்கிடையில் எழுந்தது என்பதைக் கூறு என்பதே தமிழ்க் கவிதை நெறி. அன்றாடச் சூழலிலிருந்து எழுது என்று நமக்கு இன்று யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே தொல்காப்பியம் மற்றொன்றும் சொல்கிறது. அடியோரும் வினைவலரும், அதாவது ஏவல் செய்வோரும் தொழில் செய்வோரும், ஐந்திணைக்குப் புறமான கைக்கிளை, பெருந்திணைகளில் வரலாம் என்கிறது. அன்பின் ஐந்திணையில் தலைவனாகவும் தலைவியாகவும் நிற்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்றே உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். பறை பாட்டுக்குள் வந்தது. பறையடித்தவன் வாசலிலே நிறுத்தப்பட்டான். அறுக்கப்பட்ட நெல் உள்ளே வந்தது. அறுத்தவளின் காதல் வெளியே நின்றது. இதற்காகத் தொல்காப்பியத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லும் கட்சியினர் அல்லர் நாம். அது நம் முன்னோர் சொத்து. அதில் நமக்கும் பங்குண்டு. நெறியை எடுத்துக்கொள்வோம், வாசற்படியில் போட்ட தாழ்ப்பாளை மட்டும் கழற்றி எறிவோம்.

தாழ்ப்பாளைக் கழற்றுவது எப்படி என்பதற்கு அண்ணல் அம்பேத்கர் எழுதிய ஒரு சிறு ஏட்டைக் காட்டுகிறோம். அவரைச் சட்ட மேதை என்றும் அரசியலமைப்பை வரைந்தவர் என்றும் நாம் போற்றுகிறோம். எழுத்தாளர் என்று சொல்ல மறந்துவிடுகிறோம். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தமிழில் வழங்கும் அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகள் 1930 களில் எழுதப்பட்டு, அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின் 1990 இல் நூலாயின. சில பத்துப் பக்கங்களே கொண்டது. இங்குள்ள ஒவ்வோர் இளைஞனும் அதைப் படித்தாக வேண்டும். கருத்துக்காக மட்டுமன்று, எழுதும் முறைக்காகவும்.

1901 ஆம் ஆண்டு. சாத்தாராவில் வாழ்ந்த சிறுவர் பீமராவ், அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும், கோரேகாவில் வேலை பார்த்துவந்த தந்தையைக் காணப் புறப்படுகிறார். தீண்டாமைக் கொடுமை என்று அவர் தொடங்கவில்லை. பயணத்துக்காகப் புதிதாக வாங்கிய சட்டையை எழுதுகிறார். பளபளக்கும் தொப்பியை, புதுச் செருப்பை, பட்டுக்கரை வேட்டியை எழுதுகிறார். ரயில் ஏறும் குழந்தைகளின் குதூகலத்தை எழுதுகிறார். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். தந்தை வரவில்லை, கடிதம் அவர் கைக்குச் சேரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைக் கண்டு பரிவோடு விசாரிக்க வந்த நிலைய அதிகாரி, மகார் பிள்ளைகள் என்று கேட்டதும் முகம் மாறி அகன்றுவிடுகிறார். வண்டிக்காரர் ஒருவரும் வண்டி தரவில்லை. இரட்டிப்புக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் உடன் நடந்துவருவது என்று முடிவாகிறது. கையில் கட்டுச்சோறு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவெல்லாம் தாகம்.

அந்தப் புதுத் தொப்பியை அவர் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு அந்தத் தாகம் இவ்வளவு உறைத்திருக்குமா? பள்ளியைப் பற்றி எழுதுமிடத்தும் அவ்வாறே. தாம் உட்கார்ந்த கோணிச் சாக்கை எழுதுகிறார். வகுப்பைக் கூட்டும் ஆள் அதைத் தொடமாட்டான் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்று, காலையில் மீண்டும் கொண்டுவந்ததை எழுதுகிறார். தண்ணீர்க் குழாயைத் தாமே திறக்கக் கூடாது. பள்ளி ஏவலர் வந்து திறந்துவிட வேண்டும். ஏவலர் வராத நாளில் தண்ணீர் இல்லை. ஒரு கோணி, ஒரு குழாய், இவ்வளவே. இந்த இரண்டு பொருள்களுக்கு முன்னால் எத்தனை சொற்பொழிவுகள் நிற்கும்? நாம் இப்பொழுது ஆற்றிக்கொண்டிருப்பதும் நிற்காது.

நம் வீடுகளிலும் தெருக்களிலும் கிடக்கும் பொருள்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய வரலாறு மடிந்து கிடக்கிறது. மரக்காலை எடுத்துக்கொள்வோம். எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இது கணக்குப் புத்தகத்தில் உள்ளது. களத்து மேட்டில் வேறு கணக்கு. நம்மிடமிருந்து வாங்கும்பொழுது கும்பமாகக் குவித்து அளப்பார்கள்; நமக்குக் கூலி அளக்கும்பொழுது தலைதட்டி அளப்பார்கள். கும்பத்துக்கும் தலைதட்டலுக்கும் இடையிலுள்ள அந்தக் கைப்பிடி நெல்லில் ஒரு குடும்பத்தின் ஒருவேளைக் கஞ்சி இருந்தது. கீழத் தஞ்சையில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவேதான், 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் தீக்கிரையாக்கப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். மரக்காலை வைத்துக் கதை எழுத முடியுமா என்று இனி ஒருவரும் கேட்க வேண்டாம்.

பிற மொழிகளிலும் நம்மவர் இவ்வழியிலேயே சென்றிருக்கின்றனர். மராத்தியில் தயா பவார் 1978 இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்குப் பெயர் ‘பலுதா’. ஊர்ப்பணி செய்வதற்காக மகார்களுக்குக் கொடுக்கப்பட்ட தானியப் பங்கின் பெயர் அது. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் 1997 ஆம் ஆண்டு நூலுக்கு ‘ஜூட்டன்’ என்று பெயர். எச்சில் உணவு என்பது பொருள். தமிழில் பாமா அவர்கள் 1992 இல் பனைமட்டையின் அரம் போன்ற விளிம்பைத் தம் நூலுக்குப் பெயராக்கினார், ‘கருக்கு’ என்றார். விறகு பொறுக்கப் போன எந்தச் சிறுமியின் கையை அது கிழிக்கவில்லை? கிழிபட்ட கைகள் ஆயிரம். அதைத் தலைப்பாக்கியது ஒரு கை. கரிசல் நிலத்தில் தோல் தொழில் செய்யும் அழகிரி என்னும் மனிதரின் வாழ்வை நாவலாக்கி, பூமணி 1979 இல் ‘பிறகு’ தந்தார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் கடையில் கத்தரியோடு நின்றவர். அக்கடையில் அமர்ந்தோரின் பேச்சே அவருக்குப் பல்கலைக்கழகம். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதி 1960 இல் இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 இல் ‘மல்லிகை’ என்னும் இலக்கிய இதழைத் தொடங்கியபொழுது, அந்த முடிதிருத்தகமே அதற்குப் பணிமனையுமாயிற்று. எழுதுவதற்குத் தனியறை வேண்டும், மலைவாசத்தலம் வேண்டும் என்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எழுதத் தொடங்கும் இளைஞர்க்கு ஒன்றிரண்டு செய்திகளை உரிமையோடு கூற விரும்புகிறோம். நம் கழகத்தின் கையெழுத்து இதழை முதல் இதழிலிருந்து நாம் படித்துவருகிறோம். அதில் சூரியன் உதிக்காத பக்கமே இல்லை! விடியல், விலங்கு, எரிமலை, புரட்சி, இரத்தம் என்னும் ஐந்து சொற்களைக் கொண்டு எத்தனை கவிதைகள் இயற்றக் கூடுமோ அத்தனையும் இயற்றி முடித்தாயிற்று. கோபம் உண்மையானதே; அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் கோபுரக் கட்டுரை எப்படி இரவல் ஊரோ, அப்படியே எரிமலைக் கவிதையும் இரவல் மலையே. நம் பாலாற்றங்கரையில் ஏது எரிமலை? நம்மிடம் உள்ளது வைக்கோல் தீ. அதை எழுதினால் போதும், சுடும்.

அடுத்தது சொற்கள். பறையை எழுதுபவன், நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சியையும் குட்டையான அடிக்குச்சியையும் வேறு பிரித்து அறிந்திருக்க வேண்டும். எந்தக் கைக்கு எது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். நடவை எழுதுபவள், நாற்றுப் பறிப்பதற்கும் முடி கட்டுவதற்கும் விளம்புவதற்கும் நடுவதற்கும் உடம்பின் எந்தெந்த இடம் நோகும் என்பதைத் தாயிடம் கேட்டறிய வேண்டும். இச்சொற்கள் நாளுக்கு நாள் மறைந்துவருகின்றன. வயல்கள் மனைப்பிரிவுகளாகின்றன. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. பறைக்குக் கூடச் செயற்கைத் தோல் வந்துவிட்டது; அதற்குத் தீ வேண்டியதில்லை. துன்பமான வேலைகள் ஒழிவது நமக்கு மகிழ்ச்சியே. அவ்வேலையில் நாம் கிடந்து உழன்றதற்குச் சான்றாக நிற்கும் சொற்களும் உடன் ஒழிந்தால், நாளை நம் பேரர்களிடம் எதைக் காட்டுவோம்?

நம் தாய்மார்கள் இங்கே பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இலக்கியக் கூட்டம் நமக்கு எதற்கு என்று அவர்களுள் சிலர் எண்ணக் கூடும். அவர்களே இத்தெருவின் மூத்த புலவர்கள் என்று நாம் சொன்னால் புகழ்ச்சிக்காகச் சொன்னதாகக் கருதவேண்டாம். இழவு வீட்டில் நுழைந்த மறுகணமே ஒப்பாரி கட்டுகிறார்களே, அதற்கு முன்னேற்பாடு உண்டா? இறந்தவர் உடுத்திய துணி, உட்கார்ந்த திண்ணை, பாதி பின்னிய கூடை, கட்டுத்தறியில் நிற்கும் ஆடு என்று கண்ணில் படும் ஒவ்வொன்றையும் எடுத்து, உறவுமுறை சொல்லி விளித்து, அடி பிறழாமல் பாடுகிறார்கள். சூழலிலிருந்து படைப்பது எப்படி என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது? அவர்கள் பாடியவற்றுள் எழுதி வைக்கப்பட்டவை மிகச் சில. இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒலியைப் பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. திரைப்பாட்டுக்கு ஒதுக்கும் இடத்தில் சிறிது உங்கள் ஆத்தாவின் குரலுக்கும் ஒதுக்குங்கள். ஆனால் சாவு வீட்டில் கருவியை நீட்டாதீர்கள். ஓய்ந்திருக்கும் ஒரு மாலையில் அருகமர்ந்து, கேட்டு, இசைவு பெற்றுப் பதியுங்கள். பாடினவர் பெயரையும் நாளையும் மறவாமல் குறியுங்கள். நம்மிடம் அச்செல்வம் இல்லை. நம் தாயார் பாடியவை நம் காதில் பாதி இருக்கின்றன. மீதி அவரோடு போய்விட்டன.

துயரத்தையே எழுத வேண்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஏரி வற்றும்பொழுது சேற்றில் இறங்கி மீன் பிடிக்கும் நாளின் ஆரவாரத்தை யார் எழுதியிருக்கிறீர்கள்? பண்ணையாரின் நடையை அச்சுப் பிசகாமல் நடந்து காட்டித் தெருவையே சிரிக்க வைக்கும் ஆள் நம் தெரு ஒவ்வொன்றிலும் ஒருவர் உண்டு. அந்தக் கேலியும் ஒரு போராட்டந்தான். பாமா அவர்கள் 1996 இல் வெளியிட்ட ‘கிசும்புக்காரன்’ என்னும் கதைத் தொகுதிக்கு உயிர் அந்த நையாண்டியே.

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கலாம். தெருவை எழுதுவது எளிதன்று. எழுதுகிறவன் தெருவாருடன் வாழ வேண்டியவன். ‘கருக்கு’ வெளிவந்த பின்னர்ச் சில மாதங்கள் தம் சொந்த ஊருக்குள் செல்ல இயலாதிருந்ததைப் பாமா அவர்களே கூறியிருக்கிறார்கள். எதிரிகள் தடுத்ததால் அன்று. தங்கள் வீட்டுச் செய்திகள் அச்சேறியதைக் கண்டு சொந்த மக்களே சினந்தார்கள். பிறகு படித்தவர்கள் படியாதவர்களுக்குப் படித்துக் காட்ட, அவ்வூரே அந்நூலைத் தன்னுடையது என்று கொண்டது. பெயரை மாற்றுவதும், அடுத்த வீட்டுப் பெண்ணின் மானத்தைக் காப்பதும் எழுதுகிறவன் கடமை. தன் மானத்தை விட்டு எழுத அவனுக்கு உரிமையுண்டு. பிறர் மானத்தை விட்டு எழுத உரிமையில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இமையம் 1994 இல் ‘கோவேறு கழுதைகள்’ எழுதினார். சேரிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்னும் பெண், வீடு வீடாகச் சோறு வாங்கி, தானியம் வாங்கி, அவமதிப்பும் வாங்கி வாழ்கின்ற வாழ்வு அந்நாவல். அவளுக்கு அச்சிறுமை நேர்வது ஊர்த் தெருவில் மட்டுமன்று. நம் தெருவிலும் நேர்கிறது. நம்மைத் தாழ்த்தியவர்களை விட்டுவிட்டு நம்மையே குற்றம் சாட்டுவதா என்று நம்மவர் பலர் அப்போது கண்டித்தனர். நாமும் முதலில் அக்கண்டனத்தின் பக்கமே நின்றோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் நம் வீட்டு வாசலில் அழுக்குத் துணிக்கு வந்து நின்ற முதியவளை, நம் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் விளித்ததைக் கேட்டோம். அவனுக்கு வயது ஆறு. யார் கற்பித்தார்? அன்றிரவு அந்நாவலை மீண்டும் எடுத்தோம். எழுதத் துணிந்தவன், தன் வாசலில் நிற்பவரின் கண்ணாலும் தன் தெருவைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க மாட்டேன் என்பவன் மறுபடியும் கோபுரக் கட்டுரையே எழுதுகிறான். கோபுரம் மட்டும் வேறு.

சிறப்பாக ஒன்றும் இல்லை என்று எழுதிய மாணவனைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். அவனை அழைத்து, தம்பி, உன் வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும் என்று கேட்டோம். சூளை தெரியும் என்றான். அப்பாவும் அம்மாவும் செங்கல் அறுக்கிறார்கள் என்றான். அப்புறம் என்றோம். சேறு மிதிப்பதைச் சொன்னான். அச்சில் மணல் தூவி, சேற்றை அடித்து, களத்தில் வரிசை வரிசையாகக் கவிழ்ப்பதைச் சொன்னான். வெயிலில் ஒரு பக்கம் காய்ந்த பச்சைக் கல்லைப் புரட்டி வைப்பது சிறுவர் வேலை என்றும், பள்ளிக்கு வருமுன் அதை முடித்துவிட்டு வருவதாகவும் சொன்னான். நடு இரவில் மழைத்தூறல் விழுந்தால் வீட்டில் எல்லாரும் எழுந்து தார்ப்பாயோடு களத்துக்கு ஓடுவார்களாம். நனைந்து கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் அது சேராது. அதனால் அவன் அம்மாவுக்கு மழை வாசனை தூக்கத்திலேயே தெரிந்துவிடுமாம். சொல்லிக்கொண்டே வந்தவன், சற்று நின்று, ஒவ்வொரு கல்லிலும் எழுத்து இருக்கும் ஐயா, முதலாளி பெயரின் முதலெழுத்து, அச்சிலேயே வெட்டியிருக்கும், அதைப் பார்த்துத்தான் நான் முதலில் எழுத்துக் கற்றேன் என்றான்.

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். இதெல்லாம் எழுதலாமா என்று திருப்பிக் கேட்டான். நான்காம் வகுப்பில் நம்மிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி. ஒரு நோட்டுப் புத்தகத்தை அவனிடம் கொடுத்து, நம்மிடம் சொன்னவாறே எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினோம்.

எழுதி வந்திருக்கிறான். பன்னிரண்டு பக்கங்கள். இரண்டொரு இடங்களில் பிழை உண்டு, நாம் திருத்தவில்லை. போட்டிக்குரிய நாள் கடந்துவிட்டமையால் அதற்குப் பரிசில்லை. ஆயினும் பிற்பகல் அமர்வில் முதலாவதாக அதைப் படிக்க விழாக் குழுவினர் இசைந்துள்ளனர். அவன் பெற்றோர்க்கு இன்று சூளையில் வேலை நாள். அரை நாள் கூலியை விட்டு வந்து வலப்புறக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். உணவு இடைவேளைக்குப் பின் தயவுசெய்து ஒருவரும் கலைந்து செல்லாதிருக்க வேண்டுகிறோம்.